வால்வெள்ளிக்குப் போன நாற்பத்தொரு பெயர்கள்

என்னோடு ஒருநாளும் கோபிக்கத் தெரியாத என் மச்சான் றபீக்குக்கு,

நீ போய் மூன்று மாதம் முடிகிறது. இந்த மூன்று மாதத்தில் மறந்துபோய் இரண்டு தடவை உன் நம்பருக்குப் போன் எடுத்துவிட்டேன். இரண்டாம் தடவை உன் மனைவி எடுத்து, அவர் இல்லையே அண்ணன் என்று பக்குவமாகச் சொன்னா. எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் கை மறந்து அழுத்தியது.

ஏன் எடுத்தேன் தெரியுமா? நீ இருக்கும்போதே ஒரு சின்ன விண்கல்லில் கலமொன்றைக் கொண்டுபோய் இடித்து, அதன் பாதையைக் கொஞ்சம் தள்ளிவிட்டார்களே. அன்றைக்கு என்னைச் சோறு தின்ன விடாமல் போனில் கதைத்துக்கொண்டே இருந்தாயே. இப்போது இன்னொரு கலம் அந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறதாம். இடித்ததால் அங்கே என்ன ஆனது என்று கிட்டப் போய்ப் பார்க்கப் போகிறார்களாம். பேப்பரில் அதை வாசித்ததும் உனக்குச் சொல்லத் துடித்தேன். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நான் இடித்த இடத்தை நான் ஒருநாளாவது திரும்பிப் போய்ப் பார்த்தேனா என்று யோசித்தேன்.

அதுதான் இந்தக் கடிதம். இதை உறையில் போட்டு எந்த விலாசத்துக்கு அனுப்புவது? அதோடு இது மூதூரில் பலர் வாசிக்க வேண்டிய சங்கதி. ஆகவே ஊரறியவே எழுதுகிறேன். வாசிப்பவர்களுக்கு முன்கதை தெரியாது, அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள், பொறுமையெல்லாம் உன்னிடம்தானே இருந்தது.

யுத்தம் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், திருகோணமலையில் ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறுகிற தெருவில் நான் ஒரு கொமினிக்கேசன் கடை வைத்திருந்தேன். இரண்டு போன், ஒரு போட்டோக் கொப்பி மெசின், இன்ரநெற் பூட்டிய ஒரு கணினி. நீ குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்த ரியூசன் மாஸ்டர். கிழமையில் இரண்டு மூன்று நாள் காலைப் படகில் வந்து, என் கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக் குந்தினாயென்றால் பின்னேரப் படகுக்குத்தான் எழும்புவாய். வேறு ஆட்கள் வந்து நின்றால் நான் பேசுவேன். நீ சிரிப்பாய், ஆனால் எழும்பமாட்டாய்.

ஒருநாள் நீ வாசித்துக் காட்டினாய். அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு கலத்தை அனுப்பி, அதிலிருந்து செம்பாலான ஒரு துண்டைக் கழற்றிவிட்டு, போய்க்கொண்டிருக்கிற ஒரு வால்வெள்ளியின் முன்னால் நிறுத்தி, வேண்டுமென்றே இடிக்க வைக்கப் போகிறார்கள் என்று. இவ்வளவு பாடுபட்டு ஒன்றைச் செய்து அதை உடைக்கிறதுக்கா அனுப்புகிறான்கள், விசரா அவன்களுக்கு என்று கேட்டேன். நீ கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய்.

"அதின்ர உள்ளுக்க என்ன இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது மச்சான். இடிச்சாத்தான் தெரியும்."

அதோடு விட்டாயா? இடிக்கப் போகிற துண்டில் ஒரு சீடி வைக்கப் போகிறார்கள், உலகத்தில் விரும்பினவர்கள் எல்லோரும் தங்கள் பெயரை அதில் பதியக் கொடுக்கலாம், பெயர் கொடுத்தால் ஒரு சேட்டிபிக்கற்றும் வரும் என்று கண்டுபிடித்தாய். அடுத்த முறை வரும்போது உன் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரின் பெயரோடு வந்தாய். உன்னைப் போல மூதூர்ச் சோனகப் பிள்ளைகளும், தமிழ்ப் பிள்ளைகளும் கலந்திருந்த வகுப்பு அது.

அந்தப் படிவம் முதல்பெயர் ஒன்று, கடைசிப்பெயர் ஒன்று கேட்டது. எங்கள் ஆட்களுக்கு எது முதல், எது கடைசி? ஒரு பிள்ளைக்கு வாப்பாவின் பெயரைப் பின்னால் போட்டோம், ஒரு பிள்ளைக்கு முன்னால் போட்டோம், ஒரு பெடியனுக்கு மூதூர் என்றே கடைசிப்பெயர் வந்துவிட்டது. குழப்பம் வரக்கூடாதென்று நான்தான் ஒரு பெரிய தாளை எடுத்துக் கோடு கீறி முழுப் பட்டியலையும் துப்புரவாக எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், ஊர். நாலாவதாக ஒரு நிரலும் போட்டேன். அடையாள அட்டை இலக்கம்.

வால்வெள்ளிக்கு எதற்கடா ஐசி நம்பர் என்று நீ கேட்டாய். எனக்கும் தெரியாது. யுத்த காலத்தில் ஒரு போன் எடுக்க வருகிறவனிடமும் இலக்கம் வாங்கி எழுதி எழுதிப் பழகின கை அது. பெயர் எழுதினால் பக்கத்தில் இலக்கம் எழுதாமல் என் பேனை நகராது. நீயும் அடுத்த நடை வரும்போது பிள்ளைகளிடம் கேட்டு இலக்கங்களைக் கொண்டுவந்தாய்.

பிறகு சுனாமி என்று கடல் ஊருக்குள் வந்தது. அதற்குப் பிறகு சில கிழமைக்குள் கலம் புறப்பட்டது. நீ கடைக்கு வந்து, சேட்டுப் பொத்தான்கூட ஒழுங்காகப் போடாமல், அந்தப் பட்டியலை எடு என்றாய். மேசை லாச்சியிலிருந்து எடுத்து விரித்தேன். விரலை வைத்து, கடல் கொண்டுபோன நாலு பெயரைக் காட்டினாய். காட்டும்போது நஸீராவின் பெயரில் விரல் நின்றுவிட்டது. உன் வகுப்பில் உன்னையே மடக்கிக் கேள்வி கேட்கிற பிள்ளை அவள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? பெயர்களை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாமா என்றாய். விடு, போகட்டும் என்றேன்.

அந்த நாலில் ஒன்று எங்கள் சபைப் பிள்ளை. எங்கள் கோவிலில் நவம்பர் மாதம் இறந்தவர்களுக்காகப் பூசைக்குப் பெயர் கொடுக்கும்போது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை போட்டுக் கொடுப்போம். அந்த ஆன்மாவுக்காகச் செபிக்க வேண்டும் என்று அதற்குக் கருத்து. அந்தப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் என் கை தானாகச் சிலுவை போட்டது. ஒன்றுக்குப் போட்டுவிட்டு மற்ற மூன்றையும் வெறுமனே விட மனம் வரவில்லை. நாலுக்கும் போட்டேன், சிவப்புப் பேனையால். மற்ற மூன்றும் உன் மார்க்கத்துப் பிள்ளைகள் என்பது போட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீ தாளை மடித்து என் கையில் தந்துவிட்டுப் போனாய்.

யூலை மாதம் பிறக்கும்போது திருகோணமலையின் முகம் மாறிவிட்டிருந்தது. சந்திகளில் பழையபடி சோதனை, ஆட்கள் பொழுது சாய முன்னம் வீட்டுக்கு ஓட்டம். உனக்கு அதெல்லாம் கண்ணில் பட்டதா? கலம் வால்வெள்ளியை நெருங்குகிறது, திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னதாக இடிக்கும், பிள்ளைகளை எல்லாம் கடைக்குக் கூட்டிவந்து படம் காட்ட வேண்டும் என்று நின்றாய். வெள்ளிக்கிழமை என் லாச்சியைத் திறந்து அந்தப் பட்டியலை எடுத்து, மேலே திகதியையும் நேரத்தையும் கொட்டை எழுத்தில் எழுதிப் பைக்குள் வைத்தாய். வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்கு. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்காவது மூளை வேலை செய்திருக்க வேண்டாமா?

சனிக்கிழமை காலை, என்னிடம் விட்டுப்போன மிச்சச் சேட்டிபிக்கற்றுகளை எடுக்க வந்திருக்கிறாய். ஜெற்றியில் படகால் இறங்கும்போதே, காவலில் நின்ற படையினர் பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். உன்னோடு வந்த மீன் வியாபாரி ஒருவர் ஓடிவந்து, மாஸ்டரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். எதற்காம் என்று கேட்டேன். ஏதோ ஒரு லிஸ்ற் என்றார்.

மச்சான், வாசிப்பவர்கள் அந்தத் தாளை ஒருகணம் அந்த ஜெற்றியில் நின்று பார்க்கட்டும். நாற்பத்தொரு இளம் பிள்ளைகளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம். மேலே ஒரு திகதி, மணி, நிமிஷம். நாலு பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் குறி. அந்தத் திகதிக்கு இன்னும் இரண்டே நாள். அந்தக் காலத்தில் இந்த ஊரில் அதைப் பார்க்கிற எவன் மனதில் வால்வெள்ளி வரும்?

நான் முகாமுக்கு வந்தேன், வரவில்லை என்று சொல்லாதே. கையில் ஒரு சேட்டிபிக்கற்றும் கொண்டுதான் வந்தேன். உன்னை ஒரு வாங்கில் இருத்தியிருந்தார்கள். உடுத்திருந்த சாரம் கசங்கியிருந்தது, முகத்தில் அடி ஒன்றும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. சத்தம் போடாத மனிதர், தமிழ் மெதுவாகக் கதைத்தார். அந்த மெதுவான குரல்தான் எனக்குப் பயமாக இருந்தது. சேட்டிபிக்கற்றை வாங்கி வாசித்தார். இது ஒரு பெயருக்கு, பட்டியலில் நாற்பத்தொரு பெயர் இருக்கிறது, இலக்கம் எதற்கு, குறி எதற்கு என்று கேட்டார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது யார் எழுதினது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். என் எழுத்து, என் கோடு, என் சிலுவை. நீ வாங்கிலிருந்து எழும்பினாய்.

"நான்தான் சேர். முழுக்க நான்தான் எழுதினது. இவர் கடைக்காரர், இவருக்கு ஒண்டும் தெரியாது."

அதிகாரி என்னைப் பார்த்தபடி இருந்தார். நான் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் இருந்தது தெரியுமா? மேசை விசிறி ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு வீட்டில் பத்தொன்பது வயதில் ஒரு மகன் இருந்தான், அவனை நினைத்தேன் என்று பிறகு எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டேன். பொய். அந்த நேரம் நான் ஒருவரையும் நினைக்கவில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அதிகாரி கடைசியாக ஒன்று சொன்னார். நீ சொல்வது உண்மையென்றால் திங்கட்கிழமை அந்த நேரத்துக்கு உலகம் முழுக்க அந்தச் செய்தி வரும். இங்கே ஒன்றும் நடக்காமல், அங்கே நீ சொன்னது நடந்தால், உன்னை விடுகிறேன். வராவிட்டால் உன்னையும் இந்தத் தாளையும் மேலே அனுப்புவேன், இதில் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட வேண்டிவரும். அவர் பக்கத்தில் நின்று யோசித்தால் அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. உன் வகுப்பு முழுவதையும் ஒரு செம்புத் துண்டின் குறியில் கட்டி வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எப்படிக் கழித்தேன்? அதுவரை உன்னைப் பார்த்து நக்கலடித்த நான், கடையைப் பாதி பூட்டிக்கொண்டு, விளங்காத ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். துண்டு தாய்க்கலத்திலிருந்து கழன்றுவிட்டது என்று போட்டிருந்தார்கள். இனி அது தனியாகப் போகிறது. இங்கிருந்து ஒரு கட்டளை போய்ச் சேரவே ஏழு நிமிஷத்துக்கு மேல் எடுக்கும், ஆகவே கடைசி நேரத்தில் யாரும் பிடித்து ஓட்ட ஏலாது, அது தானே கண்ணால் பார்த்துத் தானே திரும்ப வேண்டும் என்று நீ முன்னம் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூதூரிலிருந்து எறிகிற கல் ஓர்ஸ் ஹில்லில் ஓடுகிற சைக்கிளின் மணியில் படுகிற மாதிரி என்று சொல்லிச் சிரித்தாயே, பாவி. பட்டால் சரி. படாவிட்டால்?

காலைப் பூசையில் முழங்காலில் நின்று, ஆண்டவரே அது தப்பாமல் இடிக்க வேண்டும் என்று மன்றாடினேன். ஒரு மோதல் நடக்க வேண்டும் என்று அந்தக் கோவிலில் வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சாமியாரிடம் போய் உண்மையைச் சொல்லலாமா என்று வாசல்வரை போனேன். அங்கேயிருந்து திரும்பிவிட்டேன்.

நான் கோவிலில் நின்ற அதே காலையில் மூதூரில் என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. பட்டியலில் குறி போட்டிருந்த நாலு பேரின் வீடுகளுக்கும் விசாரிக்கப் போயிருக்கிறார்கள். நஸீராவின் உம்மா ஜெமீலா அப்போது தகரக் கொட்டிலில் இருந்தா. உன் மகளின் பெயரில் குறி இருக்கிறது, மகள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன் கடல் கொண்டுபோன பிள்ளை எங்கே என்று ஒரு தாயிடம் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அவர்களையும் குறை சொல்ல ஏலாது, அவர்கள் கையில் இருந்தது என் தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கே இன்ரநெற்றைப் போட்டேன். லைன் விழுந்து விழுந்து எழும்பியது. பதினொன்றரைக்குப் பிறகு பக்கம் திறக்கவே இல்லை. உலகம் முழுவதும் அதைத்தான் பார்க்கிறதாக்கும். சுவர் மணிக்கூடு பன்னிரண்டைத் தாண்டியது. வானொலியைத் திருப்பினேன். அரசியல் வாசித்தார்கள், மீன்பிடி வாசித்தார்கள், கிரிக்கெட் வாசித்தார்கள், வணக்கம் சொன்னார்கள். வால்வெள்ளி இல்லை. தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒரு மணி இருக்கும், பக்கம் திறந்தது. ஒரு படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கத் தொடங்கியது. முதலில் கறுப்பு. பிறகும் கறுப்பு. போட்டோக் கொப்பிக்கு வந்த ஒரு அம்மா தாளை நீட்டிக்கொண்டு நின்றா, அவவைத் திரும்பிப் பாராமலே, கொஞ்சம் இருங்கள் என்றேன். சாம்பல் நிறத்தில் ஒரு மேடு வந்தது. அதற்குக் கீழே வெள்ளை. அப்படியொரு வெள்ளையை நான் அந்தத் திரையில் கண்டதில்லை. இடித்த இடத்திலிருந்து கதிர் கதிராகப் பறந்துகொண்டிருந்தது. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அந்த அம்மா பயந்து வெளியே போய்விட்டா.

படத்தை அச்செடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். அதிகாரி படத்தைப் பார்த்தார், கணினியில் எதையும் செய்யலாம் என்றார். தன் வானொலியில் தன் மொழியில் வர வேண்டும் என்றார். நான் வெளி விறாந்தையில் குந்தியிருந்தேன். உள்ளே நீ இருக்கிறாய் என்று தெரியும், சத்தம் ஒன்றும் இல்லை. பின்னேரச் செய்தியில்தான் வந்தது. எனக்குச் சிங்களம் அரைகுறை, ஆனால் அந்தச் சொல்லுக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் நீ வெளியே வந்தாய், கையில் பை மட்டும். தாளை வைத்துக்கொண்டார்கள். நாலு குறியும் என்ன என்று கடைசியாக ஒருமுறை கேட்டாராம், கடல் கொண்டுபோன பிள்ளைகள் என்று சொன்னாயாம்.

முகாமிலிருந்து இறங்கி வரும்போது நான் உன் கையைப் பிடித்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், அந்தச் சிலுவை என்று என்னவோ உளறினேன். நீ என் தோளில் தட்டினாய்.

"விடு மச்சான். நீ மரியாதையாத்தானே போட்டாய்."

அதைச் சொல்லிவிட்டு, சரியாக இடித்ததா, எந்தப் பக்கத்தில் இடித்தது என்று கேட்கத் தொடங்கிவிட்டாய். இரண்டு நாள் அடைபட்டுக் கிடந்த மனுசன் கேட்கிற கேள்வியா அது? படத்தை நீட்டினேன். நடு ரோட்டில் நின்று பார்த்தாய். நாற்பத்தொன்றும் போய்ச் சேர்ந்துவிட்டது என்றாய்.

ஆனால் மூதூரில் நீ இறங்கும்போது ஊர் வேறாகியிருந்தது. ஜெமீலா உன் வீட்டு வாசலுக்கு வந்து, என் பிள்ளைக்குக் குறி போட்டது ஆர் என்று கேட்டா. முகாமில் சொன்னதையே அவவிடமும் சொன்னாய், நான்தான் என்று. வேறு சொன்னால் அந்தக் கதை படகேறி முகாமுக்கு வந்துவிடும், என்னைப் பிடிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அதன்பின் உன் வகுப்பு ஒவ்வொரு பிள்ளையாகக் கரைந்தது. முகாமுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிற மாஸ்டர் என்றார்கள். எந்தத் தாயும் தன் பிள்ளையின் பெயரை உன் கொப்பியில் எழுத விடவில்லை. நீ ரவுணுக்கு வந்து, இந்தக் கதை தெரியாத பிள்ளைகளுக்குப் படிப்பித்துப் பிழைத்தாய்.

யுத்தம் முடிந்தது. பாலங்கள் வந்தன, கிண்ணியாவால் பஸ்ஸில் மூதூருக்குப் போகிற காலம் வந்தது. ஜெற்றியில் உன்னைப் பிடித்த சோதனைச்சாவடி இருந்த இடத்தில் இப்போது ஐஸ்கிறீம் விற்கிறார்கள். இனியாவது போய்ச் சொல்லவா என்று உன்னைக் கேட்டேன். ஒரு தடவைதான் கேட்டேன், அதுவும் நீ மாட்டாய் என்று சொல்வாய் எனத் தெரிந்துகொண்டு கேட்டேன். பழசைக் கிண்டாதே என்றாய். எனக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது. நீ பெரிய மனசுக்காரன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன், ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

உன்னை அடக்கிய அன்று ஜனாஸாவுக்கு வந்தேன். பள்ளிவாசல் மதிலோரம் நின்றேன். சனம் வந்திருந்தது, இல்லையென்று சொல்ல ஏலாது. ஆனால் உன் தெருவிலிருந்தே வராத ஆண்கள் இருந்தார்கள். ஜெமீலாவின் மகன் தன் கடையைத் திறந்துவைத்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தான். உன்னைச் சுமந்த சந்தூக்கு அந்தக் கடையைத் தாண்டித்தான் போனது. அவன் கண்ணை உயர்த்தவில்லை. அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் அடிபட வேண்டியவன் நான்தானே.

போன கிழமை போனேன், றபீக். பஸ்ஸில் முழு வழியும் திரும்பி இறங்கிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஜெமீலாவுக்கு இப்போது முழங்கால் ஏலாது, முன் விறாந்தையில் கதிரையில் இருந்தா. என்னை அடையாளம் தெரியவில்லை. மாஸ்டரின் சிநேகிதன், ஓர்ஸ் ஹில்லில் கடை வைத்திருந்த தாசன் என்றேன். முகம் கறுத்தது. இருக்கச் சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நிரல் கீறினது நான், இலக்கம் கேட்டது நான், உங்கள் மகளின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் குறி போட்டது நான், அது எங்கள் கோவிலில் செபத்துக்குப் போடுகிற குறி, அவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை என்று.

ஏசுவா என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லாயிருக்கும் என்றும் நினைத்தேன். ஆனால் அவ கேட்டது நான் நினைத்தேயிராத ஒன்று.

"அப்ப அந்த லிஸ்ற் என்னத்துக்கு?"

இருபது வருஷமாக அவவுக்கு அது தெரியாது, மச்சான். நீ சொல்லப் போன ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தியிருக்கிறா. நான் சொன்னேன். உங்கள் மகள் விருப்பப்பட்டுத் தன் பெயரைக் கொடுத்தவ, அதை ஒரு கலத்தில் வைத்து ஒரு வால்வெள்ளிக்கு அனுப்பினார்கள், கடல் வந்ததற்குப் பிறகுதான் அது புறப்பட்டது என்று.

"அவட பேர் போய்ச் சேந்ததா?"

ஓம், போய்ச் சேர்ந்தது, நான் படம் பார்த்தேன் என்றேன். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. மகன் உள்ளேயிருந்து ஓடிவந்து என்னை முறைத்தான், அவ கையால் அவனைத் தடுத்தா. கடைசியில்தான் சொன்னா. நீ அந்த வாசலால் போகும்போதெல்லாம் படலைக்கு வெளியே நின்று ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போவாயாம். ஒருநாள்கூடத் தவறியதில்லையாம். அவ முகத்தைத் திருப்பிக்கொள்வாவாம். கடைசியாக நோய் வருத்தத்தோடு தடியூன்றிப் போனபோதும் சொன்னாயாம். இருபது வருஷம் அந்த மனுசன் சொன்ன ஸலாத்துக்கு நான் பதில் சொல்லல்லயே என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டா. இதை நீ எனக்கு ஒருநாளும் சொல்லவில்லையே மச்சான்.

நான் போக வெளிக்கிடும்போது அவ ஒன்று கேட்டா. பதிலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்று. எப்படிச் சேர்ப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது எழுத்து ஒன்றுதான், அதனால்தான் உனக்குக் கேடு வந்தது, அதாலேயே சேர்க்கிறேன்.

இன்னும் மூன்று வீடு இருக்கிறது. மூன்றுக்கும் என் காலால் நடந்துபோவேன், நின்றபடி சொல்வேன், அடித்துத் துரத்தினாலும் சொல்லி முடித்த பிறகுதான் படலையைத் தாண்டுவேன். அதற்குப் பிறகு உன் வகுப்பில் இருந்து மிஞ்சிய முப்பத்தேழு பேரையும் தேடிப் பிடிப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. இப்போது இதைக் கேள்.

வஅலைக்குமுஸ்ஸலாம், றபீக். ஜெமீலா சொல்லச் சொன்னா.

அந்தக் குறியைப் போட்டவன்,
உன் மச்சான் தாசன்
ஓர்ஸ் ஹில், திருகோணமலை